மறதிநோய் வந்த அம்மாவை யார் பார்த்துக்கொள்வது, எங்கே வைத்து?

வீட்டில் இந்தப் பேச்சு பெரும்பாலும் ஏதாவது ஒன்று நடந்த பிறகுதான் ஆரம்பிக்கிறது. அடுப்பை அணைக்காமல் விட்டிருப்பார், பழகிய தெருவிலேயே வழி தெரியாமல் நின்றிருப்பார், ஒரே மாத்திரையை இரண்டு முறை போட்டுக்கொண்டிருப்பார். உடனே பிள்ளைகள் எல்லோரும் கூடுவார்கள். "இனிமே யார் பார்த்துக்கிறது?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். பார்த்துக்கொள்ள என்னென்ன வேலை இருக்கிறது என்பதை அதற்கு முன்பே கேட்டிருக்கவேண்டும். அது தெரியாமல் ஆளை முடிவு செய்தால், பகலில் பேச்சுத்துணைக்கு ஒருவரை வைத்துவிட்டு, இரவெல்லாம் வீடே விழித்துக்கொண்டிருக்கும்.

அம்மா என்று எழுதுகிறேன். அப்பாவுக்கும் இதேதான்.

முதலில் ஒரு எச்சரிக்கை. நேற்றுவரை ஓரளவு நன்றாக இருந்தவர் இரண்டே நாளில் ஆளே மாறிப்போனால், அந்த வாரத்தில் எந்த முடிவும் எடுக்காதீர்கள். மறதிநோய் (டிமென்ஷியா) பெரும்பாலும் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் நகர்வது. திடீர்க் குழப்பத்துக்குப் பின்னால் சிறுநீர்த் தொற்று இருக்கலாம், மலச்சிக்கல் இருக்கலாம், புதிதாகச் சேர்த்த மாத்திரை இருக்கலாம், கீழே விழுந்து தலையில் பட்ட அடியும் இருக்கலாம். அதைச் சரிசெய்தால் பழைய நிலைக்குப் பக்கத்திலாவது திரும்பி வருவார். வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு கோளாறு, மனச்சோர்வு ஆகியவையும் மறதிநோய் போலவே தோன்றக்கூடியவை. டாக்டர் இவற்றைப் பார்த்து ஒதுக்கிவிட்டாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

எந்த வகை என்பதையும் கேளுங்கள். மறதிநோய் உள்ளவர்களில் 60 முதல் 70 சதவீதம் பேருக்கு இருப்பது அல்சைமர் என்கிறது உலக சுகாதார அமைப்பு. அதில் புதிய ஞாபகங்கள்தான் முதலில் போகும். லூயி பாடி வகையில் இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரியும், காலையில் தெளிவாக இருந்தவர் மாலைக்குள் குழம்பிவிடுவார். மூளையின் முன்பகுதியைத் தாக்கும் வகையில் ஞாபகம் ஓரளவு நிற்கும், நடத்தைதான் தடம் மாறும். வீட்டில் என்ன ஏற்பாடு தேவை என்பது இதைப் பொறுத்து நிறையவே மாறுகிறது.

நோயின் போக்கை ஏழு நிலைகளாகப் பிரிக்கும் ஒரு அளவுகோலை 1982-இல் பேரி ரைஸ்பெர்க்கும் அவருடைய சகாக்களும் வெளியிட்டார்கள். குடும்பத்துக்கு அவ்வளவு நுணுக்கம் வேண்டாம். ஆரம்பத்தில் ஞாபகப்படுத்த ஒரு குரல் போதும். நடுவில் எந்நேரமும் ஒருவர் கண் அவர்மேலேயே இருக்கவேண்டும். கடைசியில் தூக்க, புரட்ட, ஊட்ட கைகள் வேண்டும், சில வேலைகளுக்கு நான்கு கைகள். இப்போது எந்தக் கட்டம் என்று கணிக்க ஒரு வாரம் நோட்டில் எழுதிப் பாருங்கள்: இரவில் எத்தனை தடவை எழுந்தார், பாத்ரூமுக்கு அவரே போனாரா, எந்த நேரத்தில் பதற்றம் கூடியது, எதற்கெல்லாம் கை கொடுக்கவேண்டியிருந்தது. கூடிப் பேசும்போது அந்த நோட்டு நடுவில் இருந்தால் பாதி வாக்குவாதம் குறைந்துவிடும்.

ஒருவர் வேலையை விட்டுவிட்டுப் பார்ப்பது

அம்மாவை நன்றாகத் தெரிந்த ஒருவர் முழு நேரமும் கூடவே இருப்பதற்கு ஈடாக எதுவும் இல்லை. குளிப்பதையே எடுத்துக்கொள்வோம். நடுக்கட்டத்தில் பெரும்பாலானவர்கள் குளிக்க மறுப்பார்கள், அடிக்கக்கூட வருவார்கள். வெளியாள் அதைப் பிடிவாதம் என்பார். மகளுக்குத் தெரியும், அம்மாவுக்குத் தலையில் திடீரென்று தண்ணீர் விழுந்தால் என்றைக்குமே பிடிக்காது என்று. அதனால் பாதத்தில் ஆரம்பிக்கிறாள். தோளில் ஒரு துண்டைப் போர்த்திவிட்டு, துண்டுக்கு அடியில் கை விட்டுக் கழுவுகிறாள். "இப்போ முழங்காலுக்கு ஊத்தறேம்மா" என்று ஒவ்வொன்றையும் சொல்லிச் சொல்லிச் செய்கிறாள். சோப்பை அம்மா கையிலேயே கொடுத்துவிடுகிறாள். தலைக்குக் குளிப்பதைத் தனியாக வேறொரு நாளைக்குத் தள்ளிவைக்கிறாள். சண்டை இல்லாமல் முடிகிறது.

ஆனால் இந்த வழிக்கு ஆகும் செலவை யாரும் எழுதிப் பார்ப்பதில்லை. உலக அளவில் குடும்பத்தாரும் நெருங்கியவர்களும் மறதிநோய் உள்ளவர்களைக் கவனிக்கச் செலவிடுவது சராசரியாக நாளுக்கு 5 மணி நேரம் என்று உலக சுகாதார அமைப்பு கணக்கிட்டிருக்கிறது. அந்த நேரத்தில் 70 சதவீதம் பெண்களுடையது. 1999-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, உடல்நலம் குன்றிய துணையைப் பார்த்துக்கொண்ட முதியவர்களை நான்கு வருடம் கவனித்தது. அந்தப் பொறுப்பு தங்களை அழுத்துவதாகச் சொன்னவர்களுக்கு மரண அபாயம் 63 சதவீதம் கூடுதலாக இருந்தது. அவர்கள் வயதானவர்கள், அவர்கள் பார்த்துக்கொண்டதும் மறதிநோய் உள்ளவர்களை மட்டும் அல்ல. அதனால் அந்த எண்ணை நாற்பது, ஐம்பது வயதுப் பிள்ளைகளுக்கு அப்படியே பொருத்தக் கூடாது. ஆனால் அது காட்டும் திசையை அலட்சியப்படுத்தவும் முடியாது.

இன்னொரு தொல்லையும் உண்டு. வெளியூரிலிருந்து மகனோ மகளோ வந்து இரண்டு நாள் தங்கும்போது அம்மா பளிச்சென்று பேசுவார். புதிதாக வந்தவருக்காக இருக்கிற தெம்பையெல்லாம் திரட்டிக்கொள்வது இந்த நோயில் சகஜம். வந்தவருக்கு அது தெரியாது. "என்னக்கா, அம்மா நல்லாத்தானே பேசறாங்க? நீதான் பெருசு படுத்தறே" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவார். அவர் போன அன்று இரவு அம்மா ஓய்ந்துபோய், வழக்கத்தைவிட அதிகமாகக் குழம்புவார். சந்தேகப்படுகிறவரை ஒரு வாரம் தனியாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். வேறு எதைச் சொன்னாலும் எடுபடாது.

ஒருவர் வேலையை விடுவதென்றே முடிவானால், அவருக்கு மாதம் எவ்வளவு, வருடத்தில் எத்தனை நாள் விடுப்பு, அந்த நாட்களில் யார் வந்து நிற்பார்கள், எப்போது மறுபடி உட்கார்ந்து பேசுவது என்பதையெல்லாம் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். உடன்பிறந்தவர்களுக்குள் பத்திரமா என்று முகம் சுளிப்பவர்கள் பெரும்பாலும் பார்த்துக்கொள்ளாதவர்களாகத்தான் இருப்பார்கள்.

முறை வைத்துக்கொண்டு வீடு வீடாக

இரண்டு மாதம் பெரியவன் வீடு, இரண்டு மாதம் நடுவுள்ளவள் வீடு, அடுத்து சின்னவன் வீடு. பேச்சில் எல்லோரும் சுலபமாக ஒத்துக்கொள்வது இதைத்தான். யாருக்கும் முழுச்சுமை இல்லை, யாரும் தப்பிக்கவும் இல்லை, ஊருக்கும் பதில் சொல்லலாம். இதில் நியாயம் இருப்பது பிள்ளைகளுக்குத்தான். அம்மாவுக்கு இருக்கும் வழிகளிலேயே மோசமானது இது என்பேன்.

அல்சைமர் நோய் ஆரம்பத்திலேயே கைவைப்பது மூளையில் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியிலும் அதை ஒட்டிய பகுதியிலும். புது இடத்தின் வரைபடத்தை மனதில் போட்டுக்கொள்வது அந்தப் பகுதிகளின் வேலை. ஆனால் வருடக்கணக்கில் செய்து செய்து பழகிய காரியங்கள் மூளையில் வேறு இடங்களில் பதிந்திருக்கின்றன, அவை நீண்ட நாள் தாக்குப்பிடிக்கும். அதனால்தான் இன்று என்ன கிழமை என்று தெரியாத ஒருவர், சொந்த வீட்டில் இருட்டில் எழுந்து நேராகப் பாத்ரூமுக்குப் போய்த் திரும்பிவிடுகிறார். கட்டிலின் எந்தப் பக்கம் இறங்குவது, எத்தனை எட்டு வைப்பது, ஸ்விட்ச் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதெல்லாம் கைக்கும் காலுக்கும் தெரியும்.

அவரையே மகன் வீட்டில் கொண்டுபோய்ப் படுக்கவையுங்கள். இரவு இரண்டு மணிக்கு எழுகிறார். சொந்த வீட்டில் பாத்ரூம் இருந்த திசையில் இங்கே துணி அலமாரி இருக்கிறது. கதவு மாதிரி ஏதோ ஒன்று கைக்குத் தட்டுப்படுகிறது, திறக்கிறார், அங்கேயே போய்விடுகிறார். காலையில் வீட்டில் ரகளை. "அங்கே இருக்கும்போது நல்லாத்தான் இருந்தாங்க, இங்கே வந்து வேணும்னே பண்றாங்க" என்று மருமகளோ மருமகனோ சொல்ல, டயப்பர் ஆரம்பமாகிறது. அவர் கட்டுப்பாட்டை இழக்கவில்லை, இடத்தைத்தான் இழந்தார். ஆனால் ஒருமுறை டயப்பர் போட்டுப் பழக்கிவிட்டால் அதிலிருந்து திரும்புவது கஷ்டம்.

விழுவதும் இப்படித்தான். அறிமுகமில்லாத வாசற்படி, ஈரமான தரை, மாறிப்போன கட்டில் உயரம். இடுப்பெலும்பு முறிந்தால் ஆஸ்பத்திரி, மயக்கமருந்து, அதன் பிறகு வரும் குழப்பம் என்று ஒன்றன்பின் ஒன்றாக இழுத்துக்கொண்டு போகும். போதாததற்கு, ஒவ்வொரு இடமாற்றத்திலும் மாத்திரைப் பட்டியலில் ஏதோ ஒன்று விடுபடும், டாக்டர் மாறுவார், காது கருவி பழைய வீட்டிலேயே தங்கிவிடும். ஒருவழியாக அந்த வீடு பழகுகிற நேரத்தில் அடுத்தவர் முறை வந்துவிடும்.

அதனால், அம்மா ஓரிடத்தில் இருக்கட்டும், பிள்ளைகள் முறை வைத்துக்கொண்டு அங்கே வரட்டும். இது பிள்ளைகளுக்குச் சிரமம்தான். வேலை, பள்ளிக்கூடம், வெளிநாடு என்று ஆயிரம் காரணங்கள் இருக்கும், பலவும் உண்மையானவை. வரமுடியாதவர் இரவு ஆளின் சம்பளத்தை ஏற்கலாம். இன்ஷூரன்ஸ், வங்கி, டாக்டர் அப்பாயின்ட்மென்ட் எல்லாவற்றையும் தூரத்திலிருந்தே ஒருவர் பார்த்துக்கொள்ளலாம். பெரிய உதவி அது. சமமாகப் பிரிக்கவேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காமல், முடிந்ததைப் பிரித்துக்கொள்ளும் குடும்பங்களே இதை நீண்ட நாள் நடத்துகின்றன.

விதிவிலக்குகள் உண்டு. நோய் ஆரம்பக்கட்டத்தில் இருந்து, அம்மா ஏற்கனவே பல வருடங்களாகப் போய்வந்து தங்கிய வீடாக இருந்தால் சில காலம் ஓடும். சொந்த வீட்டில் வைத்துப் பார்க்கவே முடியாது என்றால், ஒரே ஒருமுறை மாற்றுங்கள். அதையும் ஆரம்பத்திலேயே, புது இடம் கொஞ்சமாவது பதியும் காலத்திலேயே செய்யுங்கள். அவருடைய கட்டிலும் போர்வையும் நாற்காலியும் கூடவே போகட்டும். பழைய அறையில் எந்தப் பக்கம் இறங்குவாரோ அந்தப் பக்கமே இறங்கும்படி கட்டிலைப் போடுங்கள். பாத்ரூம் கதவைத் திறந்தே வைத்து, உள்ளே இரவெல்லாம் விளக்கு எரியட்டும்.

சம்பளத்துக்கு ஆள் வைப்பது

காசு ஒரு ஷிப்டுக்குத்தான் இருக்கிறது என்றால் பகலா, இரவா? பெரும்பாலோர் பகலைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நான் இரவு என்பேன். பகலில் அக்கம்பக்கத்தார் எட்டிப்பார்க்கலாம், உறவினர் ஒரு மணி நேரம் வந்து உட்காரலாம். இரவு மூன்று மணிக்கு யாரும் வரமாட்டார்கள். வீட்டில் வைத்துப் பார்க்கவே முடியாது என்று குடும்பங்கள் கைவிடுவதற்கான முக்கியமான காரணங்களில் ஒன்று தூக்கம் போவது. பார்த்துக்கொள்கிறவர் இரவு தூங்கிவிட்டால் பகலை எப்படியோ ஓட்டிவிடுவார். நோட்டில் இரவுகள் அமைதியாக இருந்தால் மட்டும் பகல் ஆளைத் தேடுங்கள்.

வீட்டோடு தங்கும் ஆள் என்றால் 24 மணி நேரமும் வேலை என்று அர்த்தமில்லை. அவருக்குத் தடையில்லாத தூக்கமும் வாராந்தர விடுப்பும் இல்லாவிட்டால் சில வாரங்களில் சொல்லாமல் கிளம்பிவிடுவார், அல்லது அம்மாவைத் தூங்கவைக்க மாத்திரை கேட்பார். ஏஜென்சி மூலம் எடுத்தால் ஒருவர் வராத நாளில் மாற்று ஆள் கிடைக்கும். ஆனால் முகம் மாறிக்கொண்டே இருக்கும், அது அம்மாவைக் கலைக்கும். நேரடியாக வைத்தால் ஒரே முகம் நீடிக்கும், ஆனால் அவருக்குக் காய்ச்சல் வந்தால் நீங்கள்தான் லீவு போடவேண்டும். என் தேர்வு ஒரே முகம். கூடவே, மாதத்தில் சில நாள் வந்துபோய் வேலை பழகிய இன்னொருவரும் இருக்கவேண்டும்.

சீக்கிரமே வரப்போகும் ஒன்றுக்குத் தயாராகிக்கொள்ளுங்கள். பொருளை எங்கோ வைத்துவிட்டு, திருடிவிட்டார்கள் என்று சொல்வது இந்த நோயின் வழக்கமான அறிகுறி. பழி கூடவே இருக்கும் ஆள்மேல்தான் விழும்.

"என் மோதிரத்தை இவதான் எடுத்துட்டா."

"அப்படியாம்மா? எந்த மோதிரம், கல்லு வெச்சதா? வாங்க, ரெண்டு பேரும் சேர்ந்து தேடிப் பார்ப்போம்."

இப்படிப் பதில் சொல்லத் தெரிந்தவர் கிடைத்தால் விடாதீர்கள். "நான் எடுக்கலை" என்று வாதாடினால் பதற்றம் ஏறத்தான் செய்யும். தேடப்போனால் நாலு நிமிஷத்தில் பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும். குடும்பம் செய்யவேண்டியது, ஆள் வேலைக்குச் சேரும் முன்பே விலையுயர்ந்தவற்றை வீட்டைவிட்டு அப்புறப்படுத்திவிட்டு, அதை அவரிடமும் சொல்லிவிடுவது. அது அவருக்கும் பாதுகாப்பு. அதற்காக, அம்மா சொல்லும் ஒவ்வொரு குற்றச்சாட்டையும் நோய் என்று தள்ளிவிடவும் கூடாது. உடம்பில் காயமோ கன்றிப்போன இடமோ தெரிந்தால், குறிப்பிட்ட ஒருவரைப் பார்த்ததும் சுருங்கிக்கொண்டால், விசாரிக்கத்தான் வேண்டும்.

மாத்திரை விஷயத்தில் கறாராக இருங்கள். பதற்றத்தைக் குறைக்கச் சில சமயம் மனநோய்க்கான மருந்துகளைத் தருவதுண்டு. மறதிநோய் உள்ள முதியவர்களுக்கு இவை மரண அபாயத்தைக் கூட்டுகின்றன என்று 2005-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு புதிய தலைமுறை மருந்துகளுக்குக் கடுமையான எச்சரிக்கை விடுத்தது. 2008-இல் பழைய மருந்துகளையும் அதில் சேர்த்தது. லூயி பாடி வகையில் உடம்பு விறைத்துப்போகும் அளவுக்கு மோசமான எதிர்விளைவு வரலாம். தவிர்க்கவே முடியாத கட்டங்கள் உண்டு. அப்போதும் குறைந்த அளவில், குறைந்த நாளைக்கு, டாக்டரின் கண்காணிப்பில்தான். ஆள் போதவில்லை என்பதற்காக மாத்திரை கொடுக்கக் கூடாது.

பகல்நேரப் பராமரிப்பு மையம்

பக்கத்தில் இருந்தால் நல்ல வழி, பல இடங்களில் இல்லவே இல்லை. ஆரம்பக்கட்டத்திலும் நடுக்கட்டத்தின் முதல் பாதியிலும் இது பொருந்தும். பகலில் ஏதாவது செய்துகொண்டே இருப்பவருக்கு இரவில் தூக்கம் வரும், வேலைக்குப் போகும் பிள்ளை வேலையை விடாமல் சமாளிக்கலாம். காலையில் கிளப்புவதுதான் பெரும்பாடு. வாரத்தில் இரண்டு மூன்று நாள் என்று தொடங்குங்கள். முதல் சில நாள் அழுகிறார் என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். மாலையில் பதற்றம் கூடுகிறவர் என்றால், அந்த நேரத்துக்கு முன்பே வீடு திரும்பிவிட வேண்டும்.

இல்லத்தில் சேர்ப்பது

எந்த வீட்டிலும் ஒரு கட்டத்தில் இந்தப் பேச்சு வரும். புரட்டிப்போட இரண்டு பேர் தேவைப்பட்டு ஒருவர்தான் இருக்கிறார், பார்த்துக்கொள்கிறவரே படுத்துவிட்டார், கைகலப்பு அடக்கமுடியாமல் போகிறது என்றால் இதைத் தள்ளிப்போடுவது அம்மாவுக்கே ஆபத்து. இடம் பார்க்கப் போகும்போது காலை பதினொரு மணிக்குப் போகாதீர்கள், அப்போது எல்லா இடமும் நன்றாகத்தான் இருக்கும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் போங்கள். இரவில் எத்தனை ஊழியர்கள் என்று கேளுங்கள். யாரையாவது நாற்காலியில் கட்டிவைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். விழுங்க முடியாதபோது என்ன செய்வார்கள் என்றும் கேளுங்கள். முற்றிய மறதிநோயில் குழாய் வழி உணவைவிடக் கையால் பொறுமையாக ஊட்டுவதையே அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் பரிந்துரைக்கிறது. அதற்கு அங்கே ஆள் இருக்கவேண்டும்.

இத்தனை வழிகளையும் எடைபோடும்போது கணக்கில் வராமல் போவது, பார்த்துக்கொள்கிறவருக்குக் கிடைக்கும் பயிற்சியும் ஆலோசனையும். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் அல்சைமர் நோயாளிகளின் துணைவர்களுக்கும் குடும்பத்துக்கும் ஆலோசனை அமர்வுகள், ஆதரவுக் குழு, தேவைப்படும்போது தொலைபேசியில் பேச ஒருவர் என்று ஏற்பாடு செய்து பார்த்தார்கள். நோயாளியை இல்லத்தில் சேர்க்கும் நாள் சராசரியில் 329 நாள் தள்ளிப்போனதாக 1996-இல் எழுதினார்கள். அதிகம் பேரை நீண்ட காலம் கவனித்து 2006-இல் வெளியிட்ட முடிவில் அது 557 நாள். இங்கே எந்த மாத்திரையும் மாறவில்லை, குடும்பத்தாரோடு ஒருவர் உட்கார்ந்து பேசியதுதான் மாற்றம். சும்மா புலம்ப ஒரு இடம் என்று ஆதரவுக் குழுக்களை ஒதுக்குகிறவர்கள் இதைக் கவனிக்கலாம்.

நடுக்கட்டத்துக்கு என் தேர்வைக் கேட்டால்: அம்மா அவர் வீட்டிலேயே, பிள்ளைகளில் ஒருவர் பொறுப்பாளர், இரவுக்கு ஆள், மையம் இருந்தால் வாரத்தில் சில பகல்கள் அங்கே, மற்ற பிள்ளைகள் முறை வைத்து வந்து பொறுப்பாளரை வெளியே அனுப்புவது. பொறுப்பாளர் ஒருவர்தான். டாக்டரிடம் மூன்று பேர் மூன்று விதமாகப் பேசினால் எந்த ஏற்பாடும் நிற்காது.

நோய் ஆரம்பக்கட்டத்தில் இருந்தால், இந்தப் பேச்சில் அம்மாவும் உட்காரவேண்டும். எங்கே இருக்க ஆசை, யார் குளிப்பாட்டினால் பரவாயில்லை, பணத்தை யார் பார்க்கட்டும், கடைசிக் காலத்தில் எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று அவரால் இப்போது சொல்லமுடியும். வக்கீலையும் இப்போதே பாருங்கள். பத்திரங்களில் கையெழுத்துப் போடும் மனத்திறன் போய்விட்டால் பிறகு நீதிமன்றம்தான். சில நாடுகளில் சாதாரண அதிகாரப் பத்திரம் (பவர் ஆஃப் அட்டர்னி) அந்தத் திறன் போனதுமே செல்லாமல் போய்விடும், அதற்கென்று தனி வகைப் பத்திரம் எழுதவேண்டும்.

பேசி முடித்ததும் அடுத்துக் கூடும் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள், மூன்று மாதத்துக்கு மேல் வேண்டாம். இரவில் வாசல் கதவைத் திறந்து வெளியே போனாலோ, ஒருமுறை விழுந்தாலோ, சாப்பிடும்போது அடிக்கடி புரையேறத் தொடங்கினாலோ, பார்த்துக்கொள்கிறவர் தன் மாத்திரையையே போட மறந்தாலோ, அந்தத் தேதிவரை காத்திருக்காமல் அந்த வாரமே கூடிவிடுங்கள்.